பலமர விறகும் ஒருமர விறகும்: மரக்காணம் உப்பளக் கரையின் எரிபொருள் வரலாறு

வீட்டைக் கதகதப்பாக்குவதற்கென்று விறகு எரிக்கும் வழக்கம், புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்திலுள்ள மரக்காணத்து உப்பளக் கரையில் இருந்ததில்லை. மார்கழி, தை மாதங்களின் விடியற்பொழுதிலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்காத இக்கடற்கரையில் விறகுக்கு இருந்த வேலைகள் வேறு. சோறு வடிப்பதும் நெல் புழுக்குவதும், பிள்ளை பெற்றவளுக்கும் முதியவர்களுக்கும் வெந்நீர் போடுவதும், பதநீரைக் காய்ச்சிப் பாகெடுப்பதும், கழிமுகத்துக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதும், பானையும் செங்கல்லும் சுடுவதும் அவற்றுள் முதன்மையானவை. குளிர்காய விறகு தேடிய ஊர்கள் தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளில்தான் உண்டு. உதகமண்டலத்தைச் சுற்றியிருந்த சோலைகள் வெட்டுண்டு குறையத் தொடங்கியதும், அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் கணப்படுப்புகளுக்காகவே சீகை மரத்தையும், 1843 முதல் ஆஸ்திரேலியத் தைலமரத்தையும் கொண்டுவந்து நட்டனர்.

ஆயினும், விறகை மரவகை பார்த்துப் பிரிப்பதும் தனித்தனியே அடுக்கி வைப்பதும் குளிர்நாட்டாருக்கே உரிய பழக்கம் என்று எண்ணுவது பொருந்தாது. குளிர்நாட்டு வீட்டில் எரியும் நெருப்புக்கு முதன்மையான வேலை ஒன்றே. இரவு முழுவதும் அணையாமல் வெம்மை தர வேண்டும். கடற்கரைச் சிற்றூரிலோ ஒவ்வொரு அடுப்பும் ஒவ்வொரு வகைத் தீயைக் கேட்டது. ஆகவே மரவகை பற்றிய அறிவும் இங்கு அடுப்புகளின் எண்ணிக்கையளவுக்குக் கிளைத்திருந்தது. அவ்வறிவு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு கால்வாயாலும் ஒரு மரத்தாலும் எவ்வாறு தேவையற்றதாயிற்று என்பதே இக்கரையின் விறகு வரலாற்றில் ஆராயத்தக்க செய்தி.

இக்கரையின் விறகைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் கிடைக்கிறது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடிய இந்நூலின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. மன்னனின் துறைமுகமாக நூல் காட்டும் எயிற்பட்டினத்தை மரக்காணமென்றோ அதனை ஒட்டிய இடமென்றோ அறிஞர் பலர் கருதுவர். அப்பட்டினத்தின் கரையில் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள்போலக் கிடந்தன என்றும், நுளையர் குடிப் பெண் அவற்றையே விறகாக மாட்டித் தேறல் ஆக்கினாள் என்றும் புலவர் கூறுகிறார். உரையாசிரியர்கள் அதனை அகில் என்பர். நாட்டின் உட்பகுதியில் நறும்புகைக்காகப் பொன்போல் நிறுத்து விற்கப்பட்டிருக்கக்கூடிய மரம், கடலோரத்தில் அடுப்புக்குப் போயிற்று என்பது நாட்டின் செழிப்பைக் காட்டப் புலவர் கையாண்ட உத்தி எனினும், விறகு என்பது அதன் மரப்பெயராலும் மணத்தாலும் அறியப்பட்ட பொருள் என்ற எண்ணம் அந்த உத்திக்குள்ளேயே இருக்கிறது.

பிற்காலத்துச் சிற்றூர் வாழ்வில் இவ்வறிவு பெண்கள் கையில் இருந்தது. அடுப்பு மூட்டப் பனையின் பன்னாடையும், அதாவது மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக்கிடக்கும் நாரும், தென்னம்பாளையும் காய்ந்த ஓலையும் தனியே வைக்கப்பட்டன. இவை சட்டென்று பற்றி விரைவில் அடங்குபவை. உலை கொதிக்கும் வரை நின்றெரிய கருவேல், வெள்வேல், உசிலை போன்ற வன்மரங்கள் வேண்டும். நெல் புழுக்கும் பெரிய அண்டாவின் அடியில் தொடர்ந்து ஒரே அளவில் வெப்பம் தரப் புளியங்கட்டை பொருத்தமானது. ஆனால் அதன் முறுக்கிய நாரில் கோடாலி சிக்கிக்கொள்ளும் என்பதால் பிளப்பதற்குக் கூலி கூடும். முருங்கையும் கிளுவையும் எடைக்கும் உதவா, தணலுக்கும் உதவா. ஈரமாக இருந்தால் புகையும், காய்ந்தால் தக்கையாகும். வேம்பின் புகை சமையலறைக்குள் கசக்கும். மாட்டுக் கொட்டிலில் கொசு விரட்டுவதற்கு அதுவே நல்லது. பூவரசு, நுணா முதலியவை கிடைத்தபோது எரிக்கப்பட்டன, தேடிச் சேர்க்கப்படவில்லை. பால் காய்ச்சும் அடுப்புக்கு மரமே வேண்டாம். சாணத்தைத் தட்டிக் காயவைத்த வறட்டியின் கனிந்த சூடு போதும்.

அடுக்கும் முறையும் இப்பிரிவினையைப் பின்பற்றியது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் உச்சம் அடையும் இக்கரையில், புரட்டாசி முடிவதற்குள் மூன்று மாத விறகு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கறையான் ஏறாதிருக்கத் தரையில் கற்களை இட்டு, அவற்றின் மேல் பருத்த கட்டைகளைக் கிடத்தி, அடுத்த வரிசையைக் குறுக்காக வைத்து, காற்றுப் புகும் இடைவெளியோடு தாழ்வாரத்துச் சுவரோரம் அடுக்குவர். அடுப்புக்கு நேர்மேலே இருந்த பரணில், மறுநாள் எரிக்க வேண்டிய சுள்ளியும் சிராயும் கிடக்கும். இன்றைய அடுப்பின் புகை நாளைய விறகை உலர்த்தும். வன்மரக்கட்டை அடுக்கின் உட்புறத்திலும் உடனே தீரும் மென்மரம் வெளிப்புறத்திலும் இருக்கும். அடை மழையில் எந்தக் கட்டையை எடுத்தால் எந்த நேரத்துக்குச் சோறு வேகும் என்பது வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

மரவகைப் பிரிவு விதியாகவே எழுதி வைக்கப்பட்ட அடுப்பும் ஒன்று உண்டு. ஒன்பது கோள்களுக்கான வேள்வியில் இடப்படும் குச்சிகள் சமித்து எனப்படும். ஞாயிற்றுக்கு எருக்கு, திங்களுக்குப் புரசு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, வியாழனுக்கு அரசு, வெள்ளிக்கு அத்தி, சனிக்கு வன்னி, இராகுவுக்கு அறுகு, கேதுவுக்குத் தருப்பை என்று அவை வகுக்கப்பட்டுள்ளன. இவ்வொன்பதில் சில மரங்கூட அல்ல, புல்லும் பூண்டுமே. சமையல் விறகில் பிரிவினை மறைந்த பின்னும் வேள்விக் குண்டத்தில் மட்டும் அது குறையாமல் நீடித்திருப்பதற்குக் காரணம், அங்குக் கேட்கப்படுவது வெப்பமன்று என்பதே.

ஊரார்க்கு இவ்வளவு மரவகைகள் கிடைத்தது இக்கடற்கரையின் இயற்கையால். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையிலான செம்மண் மேடுகளில் ஒரு காலத்தில் பரந்திருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. அதாவது, ஆண்டில் ஆறேழு மாதம் வறண்டு கிடக்கும் நிலத்திலும் இலையுதிர்க்காமல் நிற்கும், உயரம் குறைந்த, நெருக்கமான காடு. பாலை, வீரை, காசா, கருங்காலி முதலிய கடினமான மரங்கள் அதில் மிகுதி. இவற்றின் கட்டை மெதுவாக எரிந்து கனத்த தணலைத் தரும். மரக்காணத்தை அடுத்த காப்புக்காட்டிலும், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த கோயிற்காட்டிலும் அக்காட்டின் எச்சம் நிற்கிறது. கோயிற்காட்டில் சுள்ளி பொறுக்குவதும் குற்றம் என்ற ஊர்க்கட்டுப்பாடு இல்லையெனில், இக்காட்டில் என்னென்ன மரங்கள் இருந்தன என்பதை அறியவே வழியிருந்திராது. மற்ற இடங்களில் விறகுக்கும் கரிக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் காடு கரைந்து முட்புதராயிற்று. அப்புதர்களில் விறகு சேர்த்துத் தலைச்சுமையாகக் கொண்டுசென்று விற்றவர்களுள் இருளர் குறிப்பிடத்தக்கவர். பாம்பு, எலி பிடித்தலோடு விறகு விற்றலும் அவர்தம் பிழைப்பாக இருந்தது.

உப்பளம் இக்காட்டைத் தின்னவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வங்காளத்தில் ஈரக்காற்று மிகுந்த கடலோரத்தில் உவர்நீரை வெயிலில் வற்றவைக்க இயலாமையால், மலங்கிகள் எனப்பட்ட உப்புத் தொழிலாளர் அதனைப் பானைகளில் காய்ச்சியே உப்பெடுத்தனர்; ஒவ்வோர் உப்புக்களத்துக்கும் விறகும் புல்லும் தரும் நிலம் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. மரக்காணத்திலோ பங்குனி முதல் ஆடி வரை அடிக்கும் வெயிலும் வறண்ட காற்றுமே உப்பை விளைவித்தன. கழியிலிருந்து நீரை இறைத்து, தெப்பங்களில் நிறுத்தி, பாத்திகளில் பாய்ச்சி, வாரியெடுக்கும் இத்தொழிலில் ஒரு சுள்ளிகூட எரியவில்லை. ஆனால், விளைந்த உப்பைச் சென்னைக்குக் கொண்டுசெல்ல வந்த நீர்வழி, விறகையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. உப்புக்காக வந்த வழியே இக்கரையின் விறகை மாற்றியது.

அந்நீர்வழி பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி பேசில் காக்ரேன் என்ற வணிகர் தொடங்கிய சிறு கால்வாய், பின்னர் அரசின் கைக்கு வந்து, வடக்கே ஆந்திரக் கரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் படிப்படியாக நீண்டது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தின்போது, பசித்து வந்த மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு அதன் பிறகே வந்தது. பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை இதன் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழகப் பகுதி 163 கிலோமீட்டர். முட்டுக்காடு, பாலாற்று முகம், ஆலம்பரைக் கழி என்று கடலோரக் கழிகளைக் கோத்துச் சென்ற இவ்வழியின் தென்கோடி மரக்காணமே.

தோணிகளைக் கழி ஊன்றித் தள்ளியும், கரைமேல் நடந்து கயிறு கட்டி இழுத்தும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் செலுத்தினர். உப்பும் விறகும் கிளிஞ்சலும் இத்தோணிகளின் வழக்கமான சரக்கு. வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள சிறீஅரிக்கோட்டைத் தீவின் காடு, கால்வாய் வழியாகவே சென்னையின் அடுப்புகளுக்குப் போயிற்று. அங்கு விறகு வெட்டியவர்கள் யானாதிப் பழங்குடியினர். தெற்கே மரக்காணம் பக்கம் அவ்வளவு அடர்ந்த காடு எஞ்சியிருக்கவில்லை. ஆகவே, இங்கு விறகு விளைவிக்கப்பட வேண்டியதாயிற்று.

விறகுக்கான பசி இரு திசையிலிருந்து வந்தது. 1871-இல் சென்னை நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 4 லட்சம். 1901-இல் 5 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பேரின் சோறும் விறகில்தான் வெந்தது. மறுபுறம், 1856-இல் இராயபுரத்திலிருந்து முதல் தொடர்வண்டி புறப்பட்ட நாள்முதல் இயந்திரங்களும் மரத்தைத் தின்றன. கப்பலில் வந்த நிலக்கரி விலை மிக்கது, சிங்கரேணிச் சுரங்கமோ 1880-களின் இறுதியில்தான் கரி தரத் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளர் கிளெக்கார்ன் 1861-இல் வெளியிட்ட நூலிலேயே தொடர்வண்டிக்கு விறகு எங்கிருந்து வரும் என்ற கவலை இடம்பெற்றுவிட்டது. இக்கவலைக்கு விடையாகக் கடற்கரை மணலில் நடப்பட்டதே சவுக்கு.

தென்கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தமானிலும் இயல்பாக வளரும் சவுக்கு, உவர்க்காற்றுக்கு அஞ்சாதது. வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரைத் தங்கவைத்துக் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துக்கொள்வதால் வெறும் மணலிலும் எருவின்றி எழும். அதில் ஊசிபோல் தொங்குபவை இலைகள் அல்ல, கணுக்கணுவான நுண்கிளைகள். உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் செதில்களாகச் சுருங்கிவிட்டன. இவ்வளவு கடுமையான மரத்தை வளர்ப்பது எளிது என்று தோன்றினாலும், முதல் ஈராண்டு மனித உழைப்பு அளவற்றது. விதைப்பாத்தியில் எறும்பு விதையை இழுத்துச் சென்றுவிடும். ஆகவே வைக்கோல் மூடிக் காவல் காக்க வேண்டும். மழைக்காலத்தில் நாற்றைப் பறித்து மணலில் நட்டபின், பங்குனி வெயில் தொடங்கியதும் கன்றுக்கு ஒரு கை நீர் என்ற கணக்கில் ஊற்றிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டும். உப்பளத்தில் கழிநீரை இறைத்த அதே ஊர்களின் கூலிக்காரர்களே மணலில் நன்னீரைச் சுமந்தனர். மூன்றாம் ஆண்டில் வேர் ஈரத்தைத் தொட்டுவிட்டால், வெட்டும்வரை வேறு வேலை இல்லை.

இதன் விறகு, அடுப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒருசேரக் கொண்டிருந்தது. கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 கிலோகலோரி வெப்பம்; புகை குறைவு; நேராக வளர்வதால் அடுக்க எளிது; சாம்பல் நெடுநேரம் சூடு காக்கும்; எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய ஈரத்தோடும் ஓரளவு எரியும். புகைபோக்கி இல்லாத சென்னை வீடுகளில் புகை குறைவு என்பது சிறிய நன்மையன்று. ஈரத்தோடு எரிவதோ பழைய அடுக்கின் பொருளையே மாற்றிவிட்டது. மழைக்கு முன் உலர்த்துவதற்காகச் சுவரோரம் காற்றோட்டத்தோடு எழுந்த அடுக்கு, இனி விற்பதற்காக எண்ணி வைத்த சரக்குக் குவியலாயிற்று. கிராமத்தார் தம் விறகைத் தாமே தேடியபோது மூன்று மாதத் தொலைநோக்கு வேண்டியிருந்தது. நகரத்தார் தொட்டியில் காசு கொடுத்து வாங்கியபோது அந்த வாரக் கூலி போதுமானது.

தொட்டி என்பது சென்னையில் விறகு, மரம் விற்கும் முற்றத்துக்கு வழங்கிய பெயர். கால்வாய்க் கரைகளில் இருந்த விறகுத் தொட்டிகளில் தோணிச் சரக்கு இறங்கி, அங்கிருந்து கட்டைவண்டியில் தெருக்கடைகளுக்குச் சென்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விறகை அடுக்கின் கன அளவால் விற்பர். அமெரிக்க அளவான ஒரு கார்டு 128 கன அடி. அங்கு வாங்குபவர் அஞ்ச வேண்டியது இடைவெளி விட்டு அடுக்கும் ஏமாற்று. சென்னையிலோ விறகு தராசில் நிறுக்கப்பட்டது. 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை ஒரு மணங்கு. ஒரு மணங்கில் 8 வீசை. 20 மணங்கு கொண்டது ஒரு பாரம். எடைக்கு விற்கும் சரக்கில் ஈரம் என்பதும் பணமே. ஆதலால் கட்டையின்மேல் தண்ணீர் தெளிப்பதும் புதிதாக வெட்டியதை நடுவில் செருகுவதும் விறகுக்கடையின் நித்தியப் புகார்களாயின. எடையளவு மரவகைப் பிரிவினைக்கும் எதிரானது: கனம் என்ற ஒன்றே விலையைத் தீர்மானிக்கும்போது, கட்டை கருவேலா காசாவா என்று கேட்பது பொருளற்றது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிலோ வந்த பிறகும் இந்நிலை மாறவில்லை; பலகையில் எழுதிய அலகு மட்டுமே மாறியது.

இருந்தும், பிரிக்கும் கை ஓயவில்லை. மரவகை ஒன்றேயான பின், ஒரே மரத்தின் உறுப்புகள் வகையாயின. சவுக்குத் தோப்பில் வெட்டு நடக்கும் நாளில் இதனைக் காணலாம். கோடாலிக்காரர் மரத்தைச் சாய்த்ததும், பின்னால் வருபவர் கத்தியால் கிளை கழிப்பார். நேராக நீண்ட தண்டு கட்டடச் சாரத்துக்கும் பந்தற்காலுக்கும் தனியே போகும். மெலிந்தவை வேலிக்கும் கொடிக்கால் பந்தலுக்கும் கழியாகும். வளைந்ததும் கணு மிகுந்ததும் மூன்றடித் துண்டாக வெட்டப்பட்டு விறகுக்கட்டை எனக் கட்டப்படும். விரல் தடிமனான கிளைகளுக்கு மிலாறு என்று பெயர். அவை கட்டாகக் கட்டப்பட்டு ஏழை வீட்டு அடுப்புக்கும் டீக்கடைக்கும் போகும். மண்ணைத் தோண்டி எடுக்கும் அடிவேர் எல்லாவற்றிலும் கனமானது. சூளைக்காரர் அதனைத் தேடி வருவர். மிஞ்சும் சருகைத் துடைப்பத்தால் பெருக்கி, கோணியில் திணித்துத் தலைச்சுமையாக எடுத்துச் செல்வது ஊர்ப் பெண்களின் உரிமையாகவும் தோப்புக்காரரின் பெருந்தன்மையாகவும் ஒரே சமயத்தில் சொல்லப்பட்டது. சருகு அள்ளப்பட்ட தோப்பின் மணல் மீண்டும் வெறும் மணலாகவே நின்றது என்பதை இரு சாராரும் பொருட்படுத்தவில்லை.

இத்தொழிலின் உழைப்பைப் பற்றிய எழுத்துச் சான்று மெலிது. உப்புக்கு வரி இருந்தமையால் ஒவ்வோர் அளத்தின் விளைச்சலும், ஒவ்வொரு மூட்டையின் எடையும் அரசின் பேரேட்டில் ஏறின. காப்புக்காட்டு விறகுக்கு 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் கணக்கு எழுதியது. பட்டா நிலத்துச் சவுக்குக்கும் பெண்கள் பொறுக்கிய சுள்ளிக்கும் அத்தகைய கணக்கர் எவருமில்லை. எரிபொருள் வரலாற்றை எழுதுபவர்கள் தொடர்வண்டிக் கரியையும் வனச்சட்டத்தையுமே சுற்றி வருவதற்கு இதுவே காரணம். மாகாணத்து மக்களின் உணவு முழுவதும் வெந்த நெருப்பு ஆவணக் காப்பகத்தில் ஓரத்துக் குறிப்பாக நின்றுபோயிற்று. வெட்டுக்கூலிகளைப் பற்றிய செய்தி அண்மைக்காலத்தில்தான், அதுவும் வழக்குகளின் வழியாகவே வெளிவந்தது. முன்பணம் வாங்கி மரம் வெட்டச் சென்ற இருளர் குடும்பங்கள் கடன் தீராமல் அங்கேயே கட்டுண்டு கிடந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தும், 2019-இல் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து அத்தகைய குடும்பங்களை வருவாய்த் துறையினர் மீட்க வேண்டியிருந்தது.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சவுக்கின் ஆட்சி அசையவில்லை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது பேருந்துகள்கூடக் கரிவாயுவில் ஓடின. பின்புறம் கொப்பரை பொருத்திய அவ்வண்டிகள் அடுப்போடு போட்டியிட்டு மரத்தைத் தின்றன. கால்வாய்தான் முதலில் சரிந்தது. மண் மேவிக்கிடந்த நீர்வழியை 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் சிதைத்தன; அதன்பின் தோணிப் போக்குவரத்து மீளவில்லை. சரக்கு லாரிக்கு மாறியது; தோணிக்காரர்கள் வேறு பிழைப்புத் தேடினர். 2008-இல் இக்கால்வாய் 4-ஆம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மரக்காணத்துக்கு விறகுத் தோணியோ உப்புத் தோணியோ அதனால் திரும்பி வரவில்லை.

அடுத்து மாறியது அடுப்பு. நகரங்களில் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் 1970-களிலிருந்து பரவ, விறகுத் தொட்டிகள் கட்டுமானப் பொருள் கடைகளாயின. 2007-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. சிற்றூர்களில் எரிவாயு அடுப்பு விறகடுப்பை முற்றிலும் வெளியேற்றவில்லை, வீட்டுக்கு வெளியே தள்ளியது என்பதே சரி. குளிக்க வெந்நீரும் விருந்துச் சமையலும் கொல்லைப்புறத்து மூன்று கல்லில் இன்னும் விறகைக் கேட்கின்றன. அங்கு எரிவது பெரும்பாலும் சவுக்கும் அன்று. விலை கொடுக்காமல் கிடைக்கும் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேல். இம்மரம் காமராசர் ஆட்சியில் வந்தது என்ற பரவலான பேச்சுக்கு மாறாக, 1877-ஐ ஒட்டியே ஜமைக்காவிலிருந்து தருவித்த விதையால் கடப்பை வட்டாரத்தில் நடப்பட்டுவிட்டது. விறகுப் பஞ்சம் போக்க வந்த இது, மரக்காணத்தை அடுத்த கழுவேலி நீர்நிலையின் ஓரங்கள் வரை பரவி, இப்போது நீதிமன்ற ஆணைகளுக்கும் அரசின் ஒழிப்புக் கொள்கைக்கும் உரிய மரமாகிவிட்டது. 2024-இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஈரநிலத்தைக் காப்பதில் சீமைக்கருவேலைக் களைவது முதன்மையான வேலை எனில், அதனை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகளுக்கு மாற்று என்ன என்பதும் அதே திட்டத்தில் எழுதப்பட வேண்டியது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், இக்கடற்கரையின் சவுக்கையும் முந்திரியையும் ஒரே இரவில் சாய்த்தது. நூறாண்டுக்கு மேலாக ஒரே மரத்தை நம்பிய நிலத்தில் ஒரு புயல் எல்லோருக்கும் ஒரே இழப்பைத் தந்தது. பல மரம் கலந்த பழைய காட்டின் எச்சங்கள் அவ்வளவு சேதமடையவில்லை என்பதைக் கோயிற்காடுகளைக் கண்டவர்கள் அறிவர். அதன்பிறகும் விவசாயிகள் சவுக்கையே நட்டனர். மூன்று நான்கு ஆண்டில் பணமாகும் மரம் அது என்பதே காரணம். ஆனால் சரக்கு செல்லும் திசை மாறிவிட்டது. கரூர் மாவட்டம் புகளூரில் 1984-இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையோடு சவுக்கையும் தைலமரத்தையும் கூழுக்காக வாங்குகிறது. கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனம் காகிதத்துக்கும் கம்பத்துக்கும் ஏற்ற குளோன் கன்றுகளை உருவாக்கித் தந்துள்ளது. இன்று மரக்காணம் வட்டாரத்துத் தோப்புகளில் நேர்த்தண்டு சாரத்துக்கும் ஆலைக்கும் போக, விறகென்று விலையாவது அவை வேண்டாமென்று கழித்த கோணலும் வேரும் மிலாறும் மட்டுமே.